பெண்கள் கைவேலைச் சங்கம்: 2024–2025 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவி அவர்களே, போதகர் ஐயா அவர்களே, போதகரம்மா, செயற்குழு அக்காமாரே, உறுப்பினர்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். எண்ணிக்கைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டம் 11 முறை நடந்தது, மே மாதம் மட்டும் இல்லை. செயற்குழு 5 முறை கூடியது. ஆண்டின் தொடக்கத்தில் 27 பேராக இருந்தோம். புதிதாக 6 பேர் சேர்ந்தார்கள். ஒருவர் மகளோடு பெங்களூருக்குக் குடிபோனார். இன்னொருவரைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார். இன்று நாம் 31 பேர்.

கர்த்தருக்குள் நித்திரையடைந்த பாட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சங்கம் தொடங்கிய நாள் முதல் உறுப்பினராக இருந்தவர். தலையணை ரேந்தை, அதாவது தலையணைமேல் வைத்துக் கையால் பின்னும் லேஸ், பின்னத் தெரிந்தவர்கள் நம்மிடம் மூன்றே பேர்தான், அதில் அவர் ஒருவர். ஜூன் மாதம் அவர் போனபோது, பீடத்துணிக்கு வைக்க வேண்டிய ரேந்தை விளிம்பின் மாதிரியை ஏற்கெனவே அட்டையில் வரைந்து, புள்ளி புள்ளியாய் ஊசியால் குத்தி வைத்திருந்தார். வீட்டார் அந்த அட்டையையும், அவருடைய ரேந்தைத் தலையணையையும், நூல் சுற்றும் 60 ஜோடி பாபினையும் சங்கத்துக்கே தந்துவிட்டார்கள். பாபின்கள் எல்லாம் மரம். கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருக்கின்றன. இந்த ஆண்டு நாம் செய்த வேலைகளில் முக்கியமானது அந்த அட்டையிலிருந்துதான் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஆலயத்தில் வெள்ளைதான் விரிக்கிறோம். ஈஸ்டருக்கு முந்திய லெந்துக்கும் கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்துக்கும் ஊதா. நம்முடைய வெள்ளைப் பீடத்துணியின் ஓரத்தில் இத்தனை காலமும் கடையில் கஜக்கணக்கில் வாங்கிய நைலான் லேஸ்தான் இருந்தது, அதுவும் மஞ்சளித்துப் போயிருந்தது. 8 அடி நீளத்துக்குப் பருத்தி நூலில் கைரேந்தை போடுவதென்று முடிவு செய்தோம். அதாவது 96 அங்குலம். ரேந்தை தெரிந்த மீதி இரண்டு அக்காமாரும் ஆளுக்கொரு தலையணையில் 48 அங்குலம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

இதைப் பார்த்திராத புது உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். குத்திய அட்டையைத் தலையணைமேல் பொருத்துவார்கள். நூல் சுற்றிய பாபின்களை ஜோடி ஜோடியாய்த் தொங்கவிட்டு, ஒன்றை ஒன்று தாண்டவும் முறுக்கவும் செய்துகொண்டே போவார்கள். அட்டையில் துளை வரும் இடத்திலெல்லாம் ஒரு குண்டூசி நிற்கும். பின்னல் இறுகியபின் பின்னாலிருக்கும் ஊசியைப் பிடுங்கி முன்னால் குத்துவார்கள். இந்த மாதிரிக்கு ஒரு தலையணையில் 24 ஜோடி, அதாவது 48 பாபின். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஓர் உட்காரலுக்கு 2 அங்குலம் வந்தது. ஜூலை 9ஆம் தேதி தொடங்கி, இடையில் ஒரு கல்யாண வீடும் ஒரு காய்ச்சலும் வந்ததால், அக்டோபர் இரண்டாம் வாரம் முடித்தார்கள்.

இரண்டு துண்டையும் சேர்த்தபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஓர் அக்காவின் கை இறுக்கம், மற்றவர் கை கொஞ்சம் இளக்கம். நடுவில் சிலுவை வரும் இடத்துக்கு இடப்பக்கம் கெட்டியாகவும் வலப்பக்கம் மென்மையாகவும் இருந்தது. பிரித்துத் திரும்பப் பின்னலாமா என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. வேண்டாம் என்று நான் சொன்னேன், இன்றும் அதையேதான் சொல்வேன். அது இரண்டு பேர் கையால் செய்தது, அப்படியே தெரியட்டும். டிசம்பர் 24 இரவு ஆராதனையில் அதை விரித்தோம். பாட்டியின் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது நட்சத்திரங்கள். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா நட்சத்திரம் 300 இலக்கு வைத்து 264 முடித்தோம். 20ஆம் நம்பர் வெள்ளை நூல், ஆறு முனை. நடுவில் ஒரு வளையம், அதிலிருந்து ஆறு கை, கைக்கு நுனியில் மூன்று சிறு கண்ணி. பழகிய கைக்கு முக்கால் மணி நேரம், விறைப்பேற்றும் வேலையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகிறது. 264இல் 40 கெட்டுப்போயின. ஏன் கெட்டன என்பதை விவரமாகவே எழுதுகிறேன், அடுத்த ஆண்டு யாரும் அதே பாடுபடக் கூடாது.

விறைப்பேற்ற மூன்று வழிகளைப் பரீட்சித்தோம். சிலர் ஜவ்வரிசிக் கஞ்சியில் முக்கினார்கள், சிலர் சர்க்கரைப் பாகில், சிலர் பெவிகாலில் சமஅளவு தண்ணீர் கலந்து. பாகில் முக்கியதுதான் பளபளவென்று கண்ணாடிபோல் நின்றது, முதலில் எல்லோருக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் அக்டோபர் மழை தொடங்கியதும் காற்றில் ஈரம் ஏறி அவை பிசுபிசுத்துவிட்டன. அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தோம். நவம்பரில் திறந்தால் உள்ளே எறும்புச் சாரை. கஞ்சியில் முக்கியவற்றில் சிலவற்றில் கறுப்புப் பூசணம். இன்னும் சிலவற்றில் முனைகள் ஆறிலும் துருக்கறை, ஏனென்றால் காயவைக்கும்போது சாதாரண இரும்புக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். பெவிகாலில் முக்கியவை ஒன்றுகூடக் கெடவில்லை.

ஆகவே இனி பெவிகாலும் தண்ணீரும் மட்டும்தான். தெர்மோகோல் பலகைமேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, துருப்பிடிக்காத ஊசியால் முனைகளை இழுத்துக் குத்தி, முழுநாள் காயவைக்க வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆகஸ்டு, செப்டம்பரில் கிடைக்கிற வெயிலிலேயே விறைப்பேற்றும் வேலையை முடித்துவிட வேண்டும். காய்ந்தபின் மூடி இறுகிய டப்பாவில்தான் வைக்க வேண்டும், அட்டைப் பெட்டி வேண்டாம்.

கெட்ட 40க்கும் கூலி தருவதா என்று கேள்வி வந்தது. பின்னியவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். பாகில் முக்கச் சொன்னதும் பெட்டியில் வைத்ததும் சங்கம். ஒன்றுக்கு 25 ரூபாய் என்று சங்க நிதியிலிருந்து 1,000 ரூபாய் கொடுத்தோம். நல்லவை 224இல் 210 விற்றன. மீதி 14 ஆலயத்துக் கிறிஸ்துமஸ் மரத்துக்குப் போயின.

இனி விலையைப் பற்றிச் சொல்கிறேன். இந்த அறிக்கையில் நான் மனதாரச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

போன ஆண்டு வரை நட்சத்திரம் 25 ரூபாய்க்குத் தந்தோம். நூலுக்கும் பசைக்கும் போக, பின்னியவர் கையில் ஒன்றும் நிற்காது. “ஆலயத்து விற்பனைதானே, ஊழியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்” என்று நாமே நம் உறுப்பினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த ஆண்டு 60 ஆக்கினோம். அதில் 50 பின்னியவருக்கு, 10 சங்கத்துக்கு. வாங்க மாட்டார்கள் என்று பயந்தோம். ஆராதனை முடிந்து மேசை போட்ட முதல் ஞாயிறே 80க்கு மேல் போய்விட்டது.

நாகர்கோவில் பக்கத்தில் ரேந்தைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் இளையவர்கள் பலருக்கு அது தெரியாது. ரேந்தை என்ற சொல்லே போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. இந்த வேலையைப் பள்ளியில் வைத்துக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா மால்ட் அம்மையார். இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி அவர். இருவரும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள். பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு கூடவே ரேந்தையும் கற்றுக்கொடுத்தார். அப்போது இது திருவிதாங்கூர், இங்கே அடிமைமுறை இருந்தது. சட்டப்படி அது ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, ரேந்தை பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்துக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். மால்ட் தம்பதியின் மகள் எலிசாவை 1844இல் கால்டுவெல் ஐயர் மணந்தார். எலிசாவோடு இந்த வேலை இடையன்குடிக்கும் போனது.

மே மாத விடுமுறை வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: “அப்போ அவங்களுக்குக் கூலி சரியா கொடுத்தாங்க, இல்லையா ஆன்ட்டி?” எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒருத்தியை மீட்கும் அளவுக்குக் காசு தந்த வேலையை, நூல் விலைக்கு விற்பதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சிலுவை சிலுவையாய்ப் போடும் குறுக்குத் தையலில் நாம் இன்னும் விலையைச் சரிசெய்யவில்லை. கட்டம் கட்டமாய் நெய்த மேட்டித் துணியில் இரு நுனியிலும் கிறிஸ்துமஸ் சிவப்புப் பூ போட்ட மேசை விரிப்புகள் 9 செய்து, ஒன்று 850 ரூபாய்க்கு எல்லாவற்றையும் விற்றோம். தைத்தவருக்கு 700. ஆனால் ஒரு விரிப்புக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 35 ரூபாய்தான். இது போதாது. மணிக்கு 50 ரூபாயாவது தைத்தவர் கையில் நிற்கும்படி, அடுத்த ஆண்டு விரிப்பு 1,200, நட்சத்திரம் 75 என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பேரம் பேசுகிறவர்களிடம் வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று சொல்லுங்கள். தயங்க வேண்டாம். அப்புறம் ஒரு சின்னக் குறிப்பு. மேலே விழும் தையல் எல்லாச் சிலுவையிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு விரிப்பில் பாதியில் திசை மாறியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் பூ இரண்டு நிறமாய்த் தெரிந்தது.

2023 கிறிஸ்துமஸுக்கு ஒரு கடைக்காரர் நம்மிடம் தலையணை உறைகள் எடுத்துப்போனார். பாதிப் பணம்தான் வந்தது. நாலு முறை போய்க் கேட்டும் மீதி வரவில்லை. இனிக் கடனுக்குக் கொடுப்பதில்லை.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு செய்த அட்வெந்து நாட்காட்டி எல்லோருக்கும் மனநிறைவாக இருந்தது. பச்சைத் துணியில் 24 பைகள். ஒவ்வொரு பையிலும் ஓர் எண்ணைப் பிள்ளைகளே சங்கிலித் தையலில் போட்டார்கள். இரண்டு பையன்களும் வந்து உட்கார்ந்து தைத்தார்கள், 17ஆம் எண்ணும் 8ஆம் எண்ணும் அவர்களுடையவை. அட்வெந்தின் முதல் ஞாயிறு இந்த முறை டிசம்பர் 1ஆம் தேதியே வந்ததால், எண்ணிக்கையும் ஆராதனையும் ஒரே நாளில் தொடங்கின. பைகளில் வேதவசனச் சீட்டோடு ஒவ்வொரு முந்திரிக்கொத்தும் வைத்த போதகரம்மாவுக்கு நன்றி. குடிலுக்குத் துணியில் மேய்ப்பர்களும் ஆடுகளும் செய்தோம், மூன்று ராஜாக்கள் இன்னும் பாக்கி.

கணக்கு: முந்தைய இருப்பு ரூ.1,840. வரவு, சந்தா 3,100, நட்சத்திரத்தில் சங்கப் பங்கு 2,100, விரிப்பில் சங்கப் பங்கு 1,350, பீடத்துணிக்கு வந்த காணிக்கை 5,000, ஆக 11,550. செலவு, பீடத்துணிக்குத் துணியும் நூலும் 3,900, மற்ற நூல், பொருள்கள் 2,750, கெட்ட நட்சத்திரத்துக்குக் கூலி 1,000, கூட்டத் தேநீர் 1,200, ஆக 8,850. இப்போதைய இருப்பு ரூ.4,540. இதில் சேராமல், உறுப்பினர்கள் கைக்கு நேராகப் போன கூலி நட்சத்திரத்தில் 10,500, விரிப்பில் 6,300, மொத்தம் ரூ.16,800. பொருளாளர் அக்கா ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி நோட்டில் வைத்திருக்கிறார். யாரும் பார்க்கலாம்.

வரும் ஆண்டுக்கு முதல் வேலை ரேந்தை வகுப்பு. தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், இரண்டு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். பாட்டியின் தலையணையில் கற்றுக்கொள்ள நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், நானும் அதில் ஒருத்தி. முதலில் 6 ஜோடியில் ஒரு விரல் அகலப் பட்டை, அப்புறம் 12, அப்புறம்தான் 24. கற்றுக்கொடுக்கும் மணி நேரத்துக்கும் அக்காமாருக்குக் கூலி உண்டு. கிறிஸ்துமஸ் வேலைகள் ஜூலை 5, சனிக்கிழமை மதியம் 3 மணிக்குத் தொடங்கும். வரும்போது துருப்பிடிக்காத குண்டூசி ஒரு பாக்கெட் கொண்டுவாருங்கள்.

மண்டபத்தை வாடகை கேட்காமல் தந்த சபைக் கமிட்டியாருக்கும், மழையில் நனைந்த பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்த வாலிபர்களுக்கும், கீதப்பவனிக்கு வீடு வீடாகப் போனபோது நம் நட்சத்திரங்களையும் கூடையில் எடுத்துப்போய் விற்றுத்தந்த பாடகர் குழுவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்