நம்ம அறிவியல் மன்றம் ஆண்டறிக்கை: வெங்காயத் தோலும் உப்புத் தண்ணியும்

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாரு, கூட்ட விவரம்லாம் மினிட்ஸ் நோட்டுல இருக்கு, அதனால இந்த வருஷம் மனசுக்கு ரொம்ப நிறைவா இருந்த மைக்ரோஸ்கோப் வகுப்பப் பத்தி மட்டும் நான் விரிவா சொல்லிடறேன்.

நம்ம வேதாரண்யம் பக்கத்துல உப்பளம் பாக்காம வளந்த புள்ள கிடையாது, 2004 சுனாமில கடல் தண்ணி ஏறி வயலு உப்பாப் போனத பெரியவங்க எல்லாரும் பாத்துருக்கோம், ஆனா உப்பு பயிர என்ன பண்ணும்னு கேட்டா எரிச்சிடும்னுதான் சொல்லுவோம். அது எரிக்கல, தண்ணிய வெளிய இழுக்குது, அதக் கண்ணால காட்டணும்னுதான் இந்த வகுப்பே.

பெல்லாரி வெங்காயத்துல உள்பக்கத்து வெள்ளத் தோலு லேசா உரியும், ஆனா செல் சுருங்குறது அதுல சட்டுனு தெரியாது, வெளிப்பக்கத்து ஊதாத் தோலுதான் இதுக்கு சரி, ஏன்னா அந்தச் சாயம் செல்லோட வாக்குவோல்லயே, அதாவது செல்லுக்குள்ள சாறு நிறைஞ்ச பையிலயே கரைஞ்சிருக்கு, தனியா கலர் ஏத்த வேண்டாம். பிளேடால சின்னக் கட்டம் கீறி இடுக்கியால உரிச்சு, ஸ்லைடுல ஒரு சொட்டு தண்ணில விரிச்சு, மேல மூடுற மெல்லிசு கண்ணாடிய, அதான் கவர்சிலிப்ப, சாய்ச்சு மெதுவா இறக்கணும், இல்லன்னா காத்துக்குமிழ் வந்துடும். 100 மடங்குல பாத்தா அடுக்கி வச்ச செங்கல் மாதிரி செல்லு முழுக்க ஊதா.

அப்புறம் 100 மில்லி தண்ணிக்கு 5 கிராம் உப்பு, ஒரு ஓரத்துல ஒரு சொட்டு விட்டு எதிர் ஓரத்துல டிஷ்யூ பேப்பர் வச்சு உறிஞ்சணும். கொஞ்ச நேரத்துலயே ஊதா மொதல்ல மூலைய விட்டு விலகுது, அப்புறம் நடுவுல உருண்டையா ஒடுங்கி இன்னும் அடர்த்தியா ஆகுது, செல் சுவரு மட்டும் அப்படியே நிக்குது. இப்படி செல்லு சுருங்குறத பிளாஸ்மா சிதைவுன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்த பிளஸ் ஒன் புள்ளைங்க லென்ஸ விட்டு நகரவே இல்ல. உடனே நல்ல தண்ணி விட்டா திரும்ப விரியுது, ஆனா கெட்டி உப்புல ரொம்ப நேரம் போட்டுட்டா சவ்வு கெட்டு சாயம் கசிஞ்சிடும், அப்புறம் மீளாது. சுனாமிக்கப்புறம் வயல்ல நல்ல தண்ணியத் தேக்கி வடிச்சு விட்டது எதுக்குன்னு இதப் பாத்த பிறகு விளக்க ரொம்ப சுலபமாப் போச்சு.

ஒரு புள்ள ஆறுகாட்டுத்துறை கடல் தண்ணிய பாட்டில்ல கொண்டாந்துச்சு. கடல்ல சராசரியா லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதுலயும் செல்லு சுருங்கிடுச்சு. அப்ப உமரிச் செடி மட்டும் எப்படி உப்பு மண்ணுல செழிப்பா நிக்குதுன்னு அதே புள்ள கேட்டுச்சு, எனக்கு இந்த வருஷத்துல கெடச்ச பெரிய சந்தோஷம் அந்தக் கேள்விதான். உமரி உப்ப வாக்குவோல்லயே சேத்து வச்சுக்குது, உள்ளயே உப்பு இருக்கறதால வெளிய இருக்கற தண்ணிய அதால இழுக்க முடியுது.

அடுத்த வருஷம் உமரி இலைத் தோல வச்சே செய்யணும்னு செயற்குழுல பேசிருக்கோம். ஒரே மைக்ரோஸ்கோப்ப வச்சுகிட்டு புள்ளைங்க வரிசைல நிக்குதுங்க, வீட்லயோ தெரிஞ்ச காலேஜ்லயோ பழசு ஒண்ணு சும்மா கெடந்தா சொல்லுங்க, நாங்களே வந்து எடுத்துக்கறோம்.