சேந்தன் அமுதனின் பூக்கூடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாவல்களைப் படமாக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாவல் அப்படியே திரையில் வரவேண்டும் என்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து நாவலையே படித்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். அதிலிருந்து மனம் ஆறவில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்தே வளர்ந்த குடும்பம் எங்களுடையது.

என் அம்மாவுக்கு 82 வயது. 2022 செப்டம்பரில் அந்த நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த முதல் படம் வந்தபோது கைத்தாங்கலாகத் தியேட்டருக்கு அழைத்துப்போனேன். இடைவேளையில், “மணிமேகலையை இன்னும் காணோமே” என்றார். அடுத்த படத்தில் வருவாள் என்று சமாதானம் சொன்னேன். 2023 ஏப்ரலில் அதுவும் வந்தது. மணிமேகலை வரவே இல்லை. கதாநாயகன் வந்தியத்தேவனைக் காப்பாற்றுவதற்காக, பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது நான்தான் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவள் அவள். அவன் மடியில் அவள் உயிர் பிரிவதோடுதான் கல்கி கதையை முடிக்கிறார். ‘மலர் உதிர்ந்தது’ என்று அந்த அத்தியாயத்துக்குப் பெயர். வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, சணலால் தைத்து அம்மா வைத்திருக்கும் தொகுப்பில் அந்தப் பக்கத்தின் ஓரம்தான் விரல்பட்டு விரல்பட்டு நைந்துபோயிருக்கிறது.

இருந்தாலும், மணிமேகலையை விட்டதற்காக மணிரத்னம் மீது எனக்குக் கோபமில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வளர்ந்த கதை அது. இரண்டு படங்களும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். யாரையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். கரிகாலன் இறக்கும் கடம்பூர் மாளிகைக் காட்சியை மாற்றியதையும் குறையாகச் சொல்லமாட்டேன். இருட்டில் நடந்துமுடிந்து, கொன்றவர் யார் என்று கடைசிவரை நம்மைத் தவிக்கவிடும் கொலை நாவலில் இருப்பது. படத்தில் கரிகாலனும் அவன் முன்பு காதலித்த நந்தினியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்கிறார்கள். இரண்டு பேர் கண்களிலும் தெரிந்த பழைய காதலைப் பார்த்து அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அங்கே விலகியதால் படம் உயர்ந்தது.

என்னால் ஏற்கமுடியாதது சேந்தன் அமுதனுக்கு நேர்ந்ததுதான். தஞ்சாவூருக்குப் புதிதாக வந்த வந்தியத்தேவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தங்கவைப்பவன். அவனுடைய வாய் பேசாத தாய் இலை போட்டு இடியாப்பம் பரிமாறுவாள். பூப்பறித்துக் கோயிலுக்குக் கட்டிக்கொடுத்து, தேவாரம் பாடிக்கொண்டு, எதற்கும் ஆசைப்படாமல் இருப்பவன். அவன்தான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் சொந்த மகன் என்பது கடைசியில் தெரியவருகிறது. பட்டாபிஷேகத்தன்று, பின்னாளில் ராஜராஜர் ஆகப்போகும் அருள்மொழிவர்மர் தமக்கென்று வந்த கிரீடத்தை எடுத்து அந்தப் பூக்காரப் பிள்ளையின் தலையில் வைக்கிறார். அவனை மணந்த ஓடக்காரப் பெண் பூங்குழலி அரசியாகிறாள். படத்தில் சேந்தன் அமுதன் ஏதோ சில காட்சிகளில் வந்துபோகிறான். கிரீடம், அதற்காகவே சதியில் இறங்கிய மதுராந்தகரிடம் போகிறது.

சரித்திரப்படி அதுதான் சரி என்பார்கள். உண்மைதான். செம்பியன் மாதேவியின் மகன் மதுராந்தகரே உத்தம சோழராக ஆண்டார். அவருக்குப் பிறகு 985-இல் ராஜராஜர் பட்டத்துக்கு வந்தார். கல்கிக்கு இது தெரியாதா? தெரிந்தேதான், அரண்மனையில் மகனாக வளர்ந்தவன் ஒருவன், சொந்த மகனான சேந்தன் அமுதன் ஒருவன் என்று இரண்டு மதுராந்தகர்களைப் படைத்தார். உரிமை கேட்டுப் படை திரட்டியவனுக்கு விட்டுக்கொடுத்தால் உள்நாட்டுச் சண்டையைத் தவிர்த்த ராஜதந்திரம் என்றும் ஊர் சொல்லும். கேட்கவே கேட்காதவனுக்கு, படைபலம் எதுவும் இல்லாதவனுக்குக் கொடுத்தால் அதற்குத் தியாகம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று அவர் பெயர் வைத்தது அதற்காகத்தான். அதை எடுத்துவிட்ட பிறகு அந்தப் பட்டாபிஷேகக் காட்சி எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தும் எனக்குக் கண் கலங்கவில்லை.

அப்படியே எடுத்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடிக்கிறவள் அல்ல நான். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ கதையிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப்போனது மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’! 1979-இல் வந்த அந்தப் படத்தின் முடிவில் இரண்டு பிள்ளைகள் ஆற்றங்கரையில் தனியாகப் போகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ‘சிற்றன்னை’யைப் படித்தால் அதே தவிப்பு அங்கேயும் இருக்கும். சம்பவங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் மனத்தை அவர் பிடித்துக்கொண்டார். இங்கே சம்பவங்கள் பலவும் நாவலில் உள்ளபடியே வருகின்றன, எது எதற்காக நடக்கிறது என்பது மட்டும் நழுவிவிட்டது. இந்த வித்தியாசத்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை என்பதுதான் என் குறை.

இரண்டாவது படம் பார்த்துவிட்டு வந்த இரவு, அம்மா அந்தத் தொகுப்பை எடுத்துவரச் சொன்னார். அவருக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. பட்டாபிஷேக அத்தியாயத்தை நான்தான் படித்தேன். அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், விட்ட வரியைத் தாமே சொல்லிவிட்டு, “ம், மேலே படி” என்றார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.