வட்டக்காய்ப் பூ

பொகவந்தலாவை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் எடுத்தால் நீ வேலையாக இருப்பதாக மாப்பிள்ளைதான் சொல்கிறார். அதனால் இந்தக் கடிதம்.

தம்பியின் போனுக்கு நீ அனுப்பிய வட்டக்காய்க் கொடியின், அதுதான் பூசணிக் கொடியின், படத்தைப் பார்த்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மாமா போய்க் காடு வெட்டிய மண் அது. அந்தக் கிளிநொச்சி வெயிலில் இவ்வளவு தூரம் படர வைத்திருக்கிறாய். அடுத்த லயத்து வீட்டுக்காரர்களுக்கும் காட்டினேன்.

பிஞ்சு மஞ்சளித்து உதிர்கிறது என்று எழுதியிருந்தாய். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிர்ந்தால் உதிரட்டும். அடியில் குட்டிக் காய் உருண்டிருப்பதுதான் பெண் பூ. விடியும்போது விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். அந்தச் சூட்டில் மகரந்தமும் சீக்கிரம் கெட்டுவிடும். தேனீயை நம்பி இராமல், ஏழு மணிக்குள் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் தடவிவிடு. யூரியாவை அள்ளிப் போடாதே, இலைதான் தழைக்கும். பகலில் இலை துவண்டால் பயப்படாதே. மாலையில் நிமிர்ந்துவிட்டால் கொடிக்குத் தாகமில்லை. அடியில் வைக்கோல் பரப்பிவை. உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றாதே.

படத்தில் பூவைப் பிடித்திருந்த உன் கை வெறுங்கையாக இருந்தது. மண்வேலைக்கு வளையலைக் கழற்றி வைப்பது நல்லதுதான். தீபாவளிப் படத்திலும் கையில் இல்லையே, மகள். அன்றைக்கும் மண்வேலையா? மூன்று மாதமாக உன் குரலைக் கேட்கவில்லை. பெற்றவளிடம் மறைக்க எங்கே கற்றுக்கொண்டாய்?

என்னிடம்தான் கற்றிருப்பாய். ஒன்பது வயதில் உன் தோடு தொலைந்ததே, அது நாம் குளிக்கும் பீலித் தண்ணீரில் விழவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த மாதம் அது. மழையில் தேயிலைக் கொழுந்து குறைந்து எனக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் விழுந்தது. குளிக்க வைக்கும்போது கழற்றிய தோட்டை ஹட்டனில் அடகு வைத்தேன். மீட்க முடியவில்லை. நீ மூன்று நாள் பீலிக்கரையில் கல்லைப் புரட்டிப் புரட்டித் தேடினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கவனமில்லாதவள் என்று அடிக்கவும் செய்தேன். அதற்குப் பிறகு நீ ஒரு குண்டூசியைக்கூடத் தொலைத்ததில்லை. அப்படிப்பட்டவள் அந்த வளையலைச் சும்மா கழற்றியிருக்க மாட்டாய்.

அடுத்த மாதம் என் சீட்டுப் பணம் கைக்கு வரும். எவ்வளவு என்று மட்டும் சொல். மாப்பிள்ளைக்கும் தெரிய வேண்டாம், அப்பாவுக்கும் தெரிய வேண்டாம்.

காய் பிடித்தால் அடியில் காய்ந்த தென்னோலை வை, ஈர மண்ணில் அழுகிவிடும். காம்பு காய்ந்து கட்டையாகும்வரை பறிக்காதே. நான் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்பும்வரை வீட்டில்தான் இருப்பேன். காலையில் பூவைப் பார்த்ததும் ஒரு போன் எடு. உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றாதே.

அம்மா