தூத்தூர் படகுகளும் ஜெனீவா மேசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளின் கையில் இருக்கும் வீட்டோவைச் சுட்டிக்காட்டி, ஐ.நா.வும் அதைச் சார்ந்த அமைப்புகளும் வெறும் பேச்சு மன்றங்கள் என்று தங்கள் இதழின் தலையங்கம் முடித்திருந்தது. போர்களை நிறுத்த முடியாத கையாலாகாத்தனம் பற்றி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீரோடி முதல் இரையுமன்துறை வரை நீளும் எங்கள் தூத்தூர் வட்டாரத்தின் எட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. எங்கள் படகு எதுவரை போகலாம், எதைப் பிடிக்கலாம், பிடிபட்டால் சிறையா அபராதமா என்பதையெல்லாம் ஜெனீவாவிலும் ஹாம்பர்க்கிலும் செஷல்ஸிலும் கூடி ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார்கள். அந்த மேசைகளில் உட்காரப் பெரும்பாலும் நாடுகளுக்குத்தான் இடம். எங்களுக்காகப் பேச வேண்டிய டெல்லி அங்கே என்ன பேசுகிறது என்று கேட்காமல் ஐ.நா.வை மட்டும் திட்டிக்கொண்டிருப்பது சுலபமான வேலை.

2012 பிப்ரவரி 15 எங்கள் கரையில் யாருக்கும் மறக்காது. 'என்ரிக்கா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகில் இருவர் இறந்தார்கள். ஒருவர் கொல்லம், மற்றவர் எங்கள் இரையுமன்துறை. வழக்கு கேரள நீதிமன்றத்தில் தொடங்கி, உச்ச நீதிமன்றம், ஹாம்பர்க்கில் உள்ள கடல்சட்டத் தீர்ப்பாயம் என்று அலைந்து, கடைசியில் ஹேக் நகரில் நடுவர் மன்றத்தின் முன் நின்றது. 2020-ல் தீர்ப்பு: சுட்டவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், அதனால் இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி படகின் கடற்பயணச் சுதந்திரத்தை மீறியது, ஆகவே இழப்பீடு தர வேண்டும். 2021-ல் உச்ச நீதிமன்றம் பத்துக் கோடி ரூபாயை ஏற்று வழக்கை முடித்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா நான்கு கோடி, படகு உரிமையாளருக்கு இரண்டு கோடி. அதே படகில் உயிர் தப்பிய மற்றவர்கள் தங்களுக்கும் பங்கு உண்டு என்று பிறகு உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

இதில் எனக்கு உறுத்துவது தீர்ப்பு கூட அல்ல. ஹேக்கில் அந்த வழக்கின் பெயர் இத்தாலிக் குடியரசும் இந்தியக் குடியரசும். படகில் இருந்தவர்கள் வழக்கின் தரப்பே இல்லை. எட்டு ஆண்டுகள் இரு நாட்டு வழக்கறிஞர்கள் வாதாடியதில் பெரும்பகுதி, யாருக்கு விசாரிக்கும் அதிகாரம் என்பதைப் பற்றித்தான். சர்வதேசச் சட்டத்தின் அமைப்பே அப்படி. நாடுதான் கட்சிக்காரர், குடிமகன் அதன் கைப்பிள்ளை.

அப்படியானால் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? 1982-ல் கையெழுத்தாகி, 1995-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட ஐ.நா. கடல்சட்ட ஒப்பந்தத்தில் 73-வது பிரிவு ஒன்று இருக்கிறது. இன்னொரு நாட்டின் 200 கடல்மைல் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறிப் பிடிபட்டால், தக்க பிணைத்தொகை கட்டியதும் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும். நாடுகளுக்கிடையே தனி உடன்பாடு இல்லாவிட்டால் சிறைத்தண்டனை கூடாது. விடாவிட்டால் ஹாம்பர்க் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் போக வேண்டியது படகின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாடு. 2007-ல் ஜப்பான் தன் 'ஹோஷின்மாரு' என்ற மீன்பிடிக் கப்பலுக்காக ரஷ்யாவை அங்கே இழுத்தது. ஒரே மாதத்தில் தீர்ப்பு, ரஷ்யா கேட்ட பிணைத்தொகையும் பாதிக்கு மேல் குறைந்தது. தன் மீனவர்களுக்காக இந்தியா இந்தக் கதவை ஒருமுறை கூடத் தட்டியதில்லை. எல்லாம் தூதரகக் கடிதத்தோடு சரி.

'பேச்சு மன்றம்' என்பதற்கு மறுப்பாக, இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் ராணுவத் தளம் இருக்கும் டீகோ கார்சியாவையும் சொல்ல வேண்டும். சுறாவையும் சூரை (டூனா) மீனையும் தேடி எங்கள் படகுகள் அந்தப் பக்கம் ஒதுங்குவதும், பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் மாட்டுவதும் பழைய கதை. படகை ஓட்டும் அனுபவப்பட்ட ஸ்ராங்குகள் அந்த எல்லையின் அளவுகளை நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதி, ஜி.பி.எஸ். கருவிக்குப் பக்கத்திலேயே செருகி வைத்திருப்பார்கள். ஓரங்களில் டீசல் கறை படிந்த அந்த நோட்டு, அடுத்த ஸ்ராங்குக்குக் கைமாறும். அந்தத் தீவுக்கூட்டமே பிரிட்டனுடையது அல்ல என்றுதான் 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம் நின்றன, எதிர்த்தவை ஆறு. பிரிட்டன் அசையவில்லை. 2021-ல் உலக அஞ்சல் ஒன்றியம், அந்தப் பகுதியின் பெயரில் பிரிட்டன் வெளியிடும் தபால்தலைகளை இனி ஏற்பதில்லை என்றது. தபால்தலையா என்று சிரிக்கலாம், நானும் சிரித்தேன். ஆனால் 2025 மே 22 அன்று, தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்துப் போட்டது. ராணுவத் தளத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொண்டதும் உண்மைதான். இருந்தாலும் மொரீஷியஸ் மாதிரி ஒரு சின்ன நாடு சலிக்காமல் ஒவ்வொரு அமைப்பாக ஏறி இறங்கித்தான் வல்லரசை இந்த இடத்துக்குக் கொண்டு வந்தது.

மானியப் பிரச்சினையில் டெல்லியை நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய உடன்படிக்கை 2022 ஜூனில் நிறைவேறி, 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. அதில் தீராமல் விட்ட மிச்சப் பகுதிக்கான பேச்சு 2024-ல் அபுதாபியில் முறிந்தபோதும் இந்தியா உறுதியாக நின்றது. ஆழ்கடலைத் துடைத்தெடுத்த பணக்கார நாடுகள் முதலில் மானியத்தை நிறுத்தட்டும், எங்களுக்கு 25 ஆண்டு அவகாசம் கொடுங்கள் என்றது நியாயமான வாதம். ஆனால் அந்த வாதத்தில் வரும் ஏழை மீனவர் கரையோரத்தில் வலை வீசுகிறவர். 200 மைலையும் தாண்டி, நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் 'தங்கல்' போகும் தூத்தூர்க்காரர் அதில் எங்கே வருகிறார்? யாருடைய கட்டுப்பாட்டிலும் வராத ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மானியம் கூடாது என்கிறது உடன்படிக்கை. செஷல்ஸில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் பொறுப்பில் வருபவை சூரையும் சூரை போன்றவையுமான 16 இனங்கள். சுறா அந்தப் பட்டியலில் இல்லை. நாளைக்கு இந்தியா கையெழுத்திட்டால் எங்கள் டீசல் மானியம் எந்தப் பக்கம் விழும் என்று மீன்வளத் துறை எங்களுக்கு விளக்கியதே இல்லை.

என் கோபமெல்லாம் ஜெனீவாவிலேயே இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-வது உடன்படிக்கை பற்றியது. மீன்பிடித் தொழிலாளருக்கென்றே 2007-ல் எழுதி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த அமைப்பில் அரசோடு முதலாளி, தொழிலாளி பிரதிநிதிகளுக்கும் வாக்கு உண்டு; எங்களைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்கக்கூடிய ஒரே மேசை அதுதான். இந்தியா இன்னும் ஏற்கவில்லை. வளைகுடாவுக்கு மீன்பிடிக்கப் போகும் பையன்கள் கையெழுத்துப் போடும் தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். முழுக்க அரபி. அதில் பெயரும் சம்பளமும் இருக்கும், எந்தப் படகில் வேலை என்பது இருக்காது. விசாவுக்கென்று ஏஜென்ட் வாங்கிய பணத்துக்கு ரசீது கிடையாது. ஒப்பந்தத்தில் படகின் பெயரும் பதிவெண்ணும் இருக்க வேண்டும், வேலை பிடித்துக் கொடுக்க மீனவரிடம் காசு வாங்கக் கூடாது என்று அந்த உடன்படிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. தாய்லாந்து 2019-லேயே ஏற்றுவிட்டது. இந்தியா ஏற்றால் வளைகுடா முதலாளி மாறிவிடமாட்டார்தான். நம்மூர் ஏஜென்டையாவது பிடிக்கலாம்.

சூரை ஆணையம் ஆண்டுதோறும் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன்பாக, இந்தியக் குழுவில் போகிறவர்களின் பட்டியலைத் தங்கள் டெல்லி செய்தியாளர் அமைச்சகத்திடம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். தூண்டில் போட்ட கை ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
சின்னத்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.