ஆளில்லாக் கலம் என்றால் ஆபத்தில்லாக் கலமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சரக்கு விண்கலங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘உள்ளே ஆளில்லை, கெட்டாலும் போவது பொருள்தான்’ என்கிறது. ஏவும்போது கெட்டால் அது சரி. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் சிக்னஸ், 2015 ஏப்ரலில் ரஷ்யாவின் புரோகிரஸ், ஜூனில் அமெரிக்காவின் டிராகன் என எட்டே மாதத்தில் மூன்று கலங்கள் வீணாயின. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சில மாதக் கையிருப்பு இருந்ததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ஏழு டன் எடையுள்ள கலம் நிலையத்தின் பக்கத்தில் வந்துவிட்டால் கணக்கே வேறு.

1997 ஜூன் 25 அன்று புரோகிரஸ் எம்-34 ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் மோதியது. வழக்கமாக ‘கூர்ஸ்’ ரேடியோ கருவிதான் தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் அளந்து கலத்தைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும். அன்று அதை அணைத்துவிட்டு, கையால் ஓட்டிப் பார்க்கும் சோதனை. மிருக்குள் இருந்த தளபதி சிப்ளியெவ் முன்னால், கலத்தின் கேமரா படத்தைக் காட்டும் ஒரு டிவி திரையும் இரண்டு கைப்பிடிகளும் மட்டுமே. மேகப் பின்னணியில் மிர் சரியாகத் தெரியவில்லை. தூரத்தைக் கண்ணால்தான் கணிக்க வேண்டியிருந்தது. விநாடிக்குச் சில சென்டிமீட்டரில் தொட வேண்டிய கலம் சுமார் 3 மீட்டர் வேகத்தில் வந்து, மிரின் அறைகளில் ஒன்றான ஸ்பெக்டரை இடித்தது. காற்று கசியத் தொடங்கியது. ஸ்பெக்டரின் கதவை மூட வழியில்லை. அதன் ஊடாகவே கேபிள்கள் ஓடின! அவற்றைப் பிடுங்கியும் வெட்டியும்தான் மூடி போட்டார்கள். ஸ்பெக்டரின் சூரியத் தகடுகள் தந்த மின்சாரமும் அத்தோடு போனது.

எல்லாக் கலங்களும் ஒரே மாதிரி இணைவதாகக் கட்டுரை சொல்வதும் தவறு. சிக்னஸ் தானாகப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. சுமார் 10 மீட்டர் தூரத்தில் நிற்கும். அதன் உந்திகளை முடக்கிய பிறகு, 17 மீட்டர் நீளமுள்ள கனடார்ம்-2 ரோபோ கை அதைப் பிடித்து இழுத்துப் பொருத்தும். மோதும் வாய்ப்பு இதில் குறைவு. ஆனால் எரிபொருள் குழாய் இணைப்பு சிக்னஸ் பொருந்தும் அந்த வாசலில் கிடையாது.

புரோகிரஸின் தனிச்சிறப்பே அந்த இணைப்புதான். கட்டுரை அதைத் தொடவே இல்லை. 1978இல் சோவியத் விண்வெளி நிலையமான சல்யூட்-6க்குப் போன முதல் புரோகிரஸ் செய்த வேலை, நிலையத்துக்கு எரிபொருள் நிரப்புவது. நிலையத்தின் தொட்டிகளில் எரிபொருளை அழுத்தி வைத்திருக்கும் நைட்ரஜனை முதலில் கம்ப்ரசரால் வெளியே இழுத்து, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் கலத்தின் தொட்டியிலிருந்து எரிபொருள் அந்தப் பக்கம் தள்ளப்படும். கம்ப்ரசர் மின்சாரத்தை நிறைய இழுப்பதால் அவசரப்பட முடியாது. இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று முன்பே பார்த்தாக வேண்டும். கழற்றுவதற்கு முன் குழாயில் மிச்சமிருப்பதை விண்வெளியில் ஊதித் தள்ளிவிட வேண்டும். குழாயில் ஓடுவது ஹைட்ரசின் வகை எரிபொருளும் அதை எரிய வைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடும். இரண்டும் கடும் விஷம். அதனால்தான் அந்தத் தொட்டிகள் ஆள் நுழையும் அறைக்கு வெளியே, தனிப் பகுதியில் இருக்கின்றன.

2024 நவம்பரில் புரோகிரஸ் எம்எஸ்-29இன் கதவைத் திறந்ததும் விசித்திரமான வாடை வந்தது, சிறு துளிகளும் தெரிந்தன. வீரர்கள் உடனே கதவை மூடிவிட்டுக் காற்றைச் சுத்திகரிக்கும் கருவிகளை ஓடவிட்டார்கள். பொருள் மட்டும்தான் போகும் என்று நம்பியிருந்தால் அந்த அவசரத்துக்கு அவசியமே இருந்திருக்காது.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி