விதைப்பை வேண்டாம், முருங்கைத் தடி தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி விதைப்பை கொடுக்கும் படங்கள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. நல்ல விசயம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் ஊருக்கு அந்தப் பைகள் வந்து சேருவது பெரும்பாலும் சோளகக் காற்று அடிக்கிற காலத்தில். மண் சுடும், கிணறு கீழே போயிருக்கும், காற்று நாற்றைப் பிடுங்கி எறியும். அந்த நேரத்தில் ஒரு பிடி தக்காளி விதையையும் கறிமிளகாய் விதையையும் கையில் தந்து படம் எடுத்துக்கொண்டு போனால் அது எங்கே முளைப்பது?

2022 யூன் மாதத்தில் நடந்ததும் இதுதான். எரிபொருளும் காஸும் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றார்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணி இறைக்கவே வழியில்லாத நேரத்தில்! அதற்கு முந்தின வருடம்தான் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தி, கமக்காரரை நடுத்தெருவில் விட்டு, நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்தார்கள். 2022 செப்ரெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பசி வந்த பிறகு விதை தேடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. 2007 இல் ‘நாம் பயிரிடுவோம்’, 2011 இல் ‘திவிநெகும’, 2020 இல் ‘சௌபாக்கியா’ என்று அரசாங்கத் திட்டத்தின் பெயர் மட்டும் மாறுகிறது, பை மாறவில்லை.

வீட்டுத்தோட்டத்தால் நாட்டுக்குச் சோறு போட முடியாது, அதையும் நேரே சொல்லிவிடுகிறேன். நெல் இரணைமடுக் குளத்துக்குக் கீழேயும் கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழேயும் அம்பாறையிலும் பொலநறுவையிலும்தான் விளைய வேண்டும். கோதுமையும் மைசூர்ப் பருப்பும் கப்பலில்தான் வர வேண்டும், அதற்கு டொலர் வேண்டும். ஆனால் வறைக்கும் சொதிக்கும் வளவிலேயே ஆய்ந்து எடுக்க முடிந்தால், மரக்கறிக்குப் போகிற காசு அரிசிக்கு மிஞ்சும். நாட்டுக்கும் அவ்வளவு லொறி, அவ்வளவு டீசல் மிச்சம்.

அப்படியென்றால் எதை நடுவது? 1990 இலிருந்து பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனத்துக்குக் கைகொடுத்தது எது என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முருங்கை, மரவள்ளி, பப்பாசி, வேலியில் படர்ந்த முசுட்டை, கிணற்றடி வாழை, அப்புறம் பனையும் ஒடியல் மாவும். ஒன்றுகூடப் பையில் வந்ததல்ல. தடியாகவும் கன்றாகவும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவை, ஒருமுறை பிடித்துக்கொண்டால் ஆள் பார்க்காவிட்டாலும் நிற்பவை. வேலைக்குப் போய்வரும் குடும்பத்துக்கு அதுதான் சரி, தினமும் தண்ணி ஊற்றிக் காக்கும் தக்காளி அல்ல. ஆகவே புரட்டாதி முடிவதற்குள், ஐப்பசி மழைக்கு முன்னால், வீட்டுக்கு இரண்டு முருங்கைத் தடியும் கொஞ்ச மரவள்ளித் தடியும் ஒரு பப்பாசிக் கன்றும் ஒரு தேசிக் கன்றும் கொடுங்கள். விதைதான் கொடுப்பேன் என்று நின்றால், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கத்தரி மாதிரி நாங்களே விதை எடுத்துச் சாம்பலில் பிரட்டி அடுத்த வருடத்துக்கு வைக்கக்கூடியதைக் கொடுங்கள். கலப்பின விதை ஒரு போகத்துக்குத்தான், பிறகும் கடை வாசலில் நிற்க வேண்டும்.

வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. கிளுவையும் பூவரசும் முள்முருங்கையும் நின்ற வேலி ஆட்டுக்குக் குழை தந்தது, தோட்டத்தில் புதைக்கப் பசளை தந்தது, மேலே படர்ந்த கொடி வீட்டுக்குக் கீரை தந்தது. இப்போது மதில். மதில் தருவது பெயின்ற் செலவு மட்டுந்தான். உரப்பையை நம்பி வலிகாமத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே இருக்கிற தண்ணியில் நைத்திரேற்றை ஏற்றி வைத்திருக்கிறோம், அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறோம் என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. குரங்குக்கும் மயிலுக்கும் என்ன செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள். 2025 மார்ச்சில் ஐந்து நிமிடம் நாடு முழுக்க அவற்றை எண்ணினார்களே, அவர்களைக் கேளுங்கள்.

நான் எழுத வந்த முக்கியமான விசயம் காணி. எங்கள் ஒழுங்கையிலேயே பூட்டிய வளவுகள் கிடக்கின்றன, நல்ல கிணறுகளோடு. சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ. உள்ளே பார்த்தீனியமும் பாம்பும். பக்கத்தில் இரண்டு பரப்புக் காணிக்குள் மூன்று குடும்பம், ஒரு பாத்தி கட்ட இடமில்லாமல் நெருக்குப்படுகிறது. ஏன் கொடுக்கிறார்கள் இல்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், விட்டால் எழும்பமாட்டார்கள், பத்து வருடத்தில் ஆட்சியுரிமை கேட்பார்கள் என்று. பயம் வெறும் பயமில்லை, பத்து வருடக் கணக்கு சட்டத்தில் இருப்பதுதான். ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது சொந்தக்காரருக்கு எதிராக, அவருடைய அனுமதி இல்லாமல் ஆண்ட காணியை. அனுமதியோடு பயிர் செய்கிறவர், அந்த அனுமதி எழுத்தில் இருக்கும்வரை, அப்படி உரிமை கேட்பது லேசான காரியமில்லை. அதனால் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒரு பக்கக் கடதாசி போதும்: இன்ன வளவில் இன்னார் மரக்கறி செய்கிறார், வீடு கட்டக்கூடாது, மரம் தறிக்கக்கூடாது, தை மாதத்தில் திருப்பித் தர வேண்டும், தேங்காயும் மாங்காயும் சொந்தக்காரருக்கு. கிராம அலுவலர் முன்னிலையில் இரண்டு சாட்சி வைத்து எழுதினால் வளவும் துப்புரவாகும், பற்றைக்குள் நுளம்பு பெருகுகிறது என்று நோட்டீஸ் வருவதும் நிற்கும்.

இதில் உங்கள் பத்திரிகையால் ஒரு உதவி செய்ய முடியும். ஒரு சட்டத்தரணியைக் கொண்டு அப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் மாதிரி ஒன்றை எழுதுவித்து, ஆவணி மாத ஞாயிறு இதழ் ஒன்றில் முழுப் பக்கத்தில் போடுங்கள். வெட்டியெடுத்துப் படம் பிடித்து டொரன்டோவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி