அமெரிக்கா அல்ல, கனடா

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கை மகளின் கலியாணத்துக்கு லண்டன் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் இருந்தவர், "அமெரிக்காவில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கனடா என்றேன். "எல்லாம் ஒன்றுதானே" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார்.

அவருக்கும் நீரிழிவு, பாயசத்தைத் தள்ளி வைத்ததிலேயே தெரிந்தது. நான் தினமும் வயிற்றில் குத்திக்கொள்ளும் இன்சுலின் 1921இல் ரொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் காப்புரிமையை உரியவர்கள் தலைக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்க விளையாட்டு என்று உலகமே நினைக்கும் கூடைப்பந்தை உருவாக்கியவரும் கனடாவின் ஒன்ராறியோவில் பிறந்தவர்தான்.

குறை கனடியர்களான நம்மிடமும் உண்டு. மேப்பிள் இலைக் கொடியே 1965இல்தான் வந்தது. நாம் யார் என்று கேட்டால், "அமெரிக்கர் அல்லர்" என்பதற்கு மேல் பலருக்கு வார்த்தை வருவதில்லை. 2025இல் டிரம்ப் நம்மை 51ஆவது மாநிலம் என்று சொன்ன பிறகுதான் ரோசம் வந்தது. கடையில் என் மனைவி தோடம்பழப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, புளோரிடா என்றிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டு மொரோக்கோப் பழம் எடுத்தாள். விலை கூடத்தான்.

அந்த லண்டன்காரருக்கு இன்சுலின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் இலையை மடித்து எழுந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற பஸ் சாரதி,
ஸ்காபரோ